கச்சின் மலையில் ஒரு சிக்கனக்காரன்

சிவப்புப் பாண்டா மியான்மரில் வாழும் விலங்கு. இதை முதல் வரியிலேயே எழுதிவிடத் தோன்றுகிறது. ரங்கூனின் லான்மடாவில் என்னிடம் உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளைக் கேட்டால் சீனா என்பார்கள், ஜப்பான் விலங்குக் காட்சிசாலை என்பார்கள்; சொந்த நாட்டைச் சொல்ல மாட்டார்கள். 'குங் ஃபூ பாண்டா' படத்தில் வரும் குரு ஷிஃபுவை அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் குரு ஒரு சிவப்புப் பாண்டா என்றும், அவருடைய இனத்தார் நம் நாட்டின் வடகோடியில் மூங்கில் இலை தின்றுகொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னால், வாடான் தெரு மாடியில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உடனே படம் கேட்பார்கள். படத்தைக் காட்டினால் பாடம் அன்றைக்கு அதோடு போயிற்று. போகட்டும். விலங்கியல் படித்த எனக்கு அதைவிட மகிழ்ச்சி என்ன இருக்கிறது?

ரங்கூனிலிருந்து ரயிலில் மாண்டலே, அங்கிருந்து மறுபடி ரயிலில் மிச்சினா. மிச்சினாவுக்கு வடக்கே மாலி ஆறும் என்மாய் ஆறும் கூடுகிற இடத்தில் ஐராவதி பிறக்கிறது. என்மாய் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் சிப்வி, சாவ்லாவ் வட்டாரங்கள் வரும். அங்கே சீனாவின் யுன்னான் எல்லையை ஒட்டி நிற்பது இமாவ்பும் மலைத்தொகுதி. இன்னும் வடக்கே, பூட்டாவோவையும் தாண்டிப் போனால் 5,881 மீட்டர் உயரமுள்ள ககபோ ராசி சிகரமும் அதன் பனிக்காடுகளும். மியான்மரின் சிவப்புப் பாண்டாக்கள் கச்சின் மாநிலத்தின் இந்த மலைகளில்தான் இருக்கின்றன. ககபோ ராசி 1998இல் தேசியப் பூங்காவானது, இமாவ்பும் 2020இல்.

உயரத்தைச் சொன்னால் தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சட்டென்று விளங்கும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். சிவப்புப் பாண்டாவின் காடு பெரும்பாலும் அந்த உயரத்தில் தொடங்கி, 4,800 மீட்டர் வரை மேலே போகிறது. தேவதாரு வகை ஊசியிலை மரங்களும், ஓக் போன்ற அகன்ற இலை மரங்களும், காட்டு ரோடோடென்ட்ரானும் கலந்து நிற்கும். கீழே ஆளை மறைக்கும் அளவுக்குச் சிறு மூங்கில் புதர் அடர்ந்திருக்கும். வெயில் 25 டிகிரியைத் தாண்டினாலே இந்த விலங்குக்கு உடம்பு தாங்காது. ஏப்ரலில் ரங்கூனில் வெயில் 40 டிகிரியைத் தொடும். 2024 ஏப்ரலில் நடு மியான்மரின் சாவுக் நகரில் 48.2 டிகிரி பதிவாயிற்று. அந்த மாதத்திலும் இதே நாட்டின் வடக்கு மலைகளில் ஒரு விலங்கு குளிருக்காக உள்ளங்காலில்கூட மயிர் வளர்த்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது.

பூனையைவிடச் சற்றுப் பெரிது. தலை முதல் உடம்பு முடியும் வரை 50 முதல் 64 சென்டிமீட்டர். வால் தனி, அதைவிடச் சற்றுக் குட்டை. எடை பெரும்பாலும் 3 முதல் 6 கிலோவுக்குள். முதுகு செம்பழுப்பு, முகத்தில் வெள்ளைத் திட்டுகள், கண்ணிலிருந்து வாயோரம் இறங்கும் சிவந்த கோடு, வாலில் வளையம் வளையமாகப் பட்டைகள். வயிறும் கால்களும் மட்டும் நல்ல கறுப்பு. படத்தில் பார்க்கும்போது பொம்மைக்குச் சாயம் அடித்ததுபோல் இருக்கும். காட்டிலோ அந்தச் சாயம்தான் மறைவு. அந்த உயரத்துத் தேவதாரு மரங்களில் செம்பழுப்புப் பாசியும் வெளிறிய மரப்பாசியும் படர்ந்திருக்கும். கிளைமேல் சுருண்டு கிடக்கும் பாண்டா அந்தப் பாசியோடு பாசியாகிவிடும். கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அதன் கறுப்பு வயிறு மரக்கிளையின் நிழலாகத்தான் தெரியும்.

கறுப்பும் வெள்ளையுமான பெரிய பாண்டாவுக்கு இது சொந்தமில்லை. அது கரடிக் குடும்பம். சிவப்புப் பாண்டாவின் குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பது இது மட்டுமே. தூரத்து உறவென்று தேடினால் கீரிபோலத் தோன்றும் வீசல், அமெரிக்காவின் ரக்கூன், ஸ்கங்க் ஆகியவற்றைச் சொல்லலாம். ஃபிரெடெரிக் குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலார் 1825இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். பெரிய பாண்டா ஐரோப்பிய அறிவியலுக்குத் தெரிய வந்தது 1869இல்தான். அண்மையில் இன்னொன்றும் தெளிவானது. 2020இல் சீன ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, சிவப்புப் பாண்டா ஒன்றல்ல, இரண்டு இனங்கள் என்றார்கள். நேபாளம், பூட்டான், சிக்கிம் பக்கம் இருப்பது இமயமலை இனம். கிழக்கே யுன்னான், சிச்சுவானில் இருப்பது சீன இனம். முகம் இன்னும் சிவந்தது, வால் வளையங்கள் இன்னும் பளிச்சென்றவை. இரண்டும் பிரிந்து 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதாம். கச்சின் மலையில் இருப்பது இந்தக் கிழக்கத்திய இனம்.

இப்போது இதன் வயிற்றுக்கு வருகிறேன். இந்த விலங்கின் மற்ற எல்லாமே அந்த வயிற்றிலிருந்துதான் விளங்கும்.

பரம்பரையால் இது ஊனுண்ணி. ஊனுண்ணியின் குட்டையான, எளிய குடல்தான் இதற்கு இன்னும் இருக்கிறது. மாட்டுக்கு இருப்பதுபோல் நாலு அறை இரைப்பை இல்லை. அசைபோட முடியாது. ஆனால் தின்பதோ மூங்கில், அதிலும் பெரும்பகுதி இலை. இலையிலுள்ள நார்ச்சத்தை இந்தக் குடலால் உடைக்க முடியாது. தின்றது சில மணி நேரத்தில் உடம்பைக் கடந்து வெளியே வந்துவிடுகிறது. அதனால் நாளெல்லாம் தின்ன வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ இலையோ, வசந்த காலமானால் 4 கிலோ குருத்தோ தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாலைந்து கிலோ எடையுள்ள உடம்புக்கு இது எவ்வளவு என்று பாருங்கள். நாளில் 13 மணி நேரம் வரை இரை தேடுவதிலும் தின்பதிலும் போகிறது. குருத்துக் காலம் அதற்குச் செழிப்பான காலம். பழுக்கும் காலத்தில் காட்டுப் பெர்ரிகள், எப்போதாவது பறவை முட்டை அல்லது சிறு உயிர் கிடைக்கும். மிச்ச நாளெல்லாம் இலைதான்.

மாத வருமானம் குறைவாக இருக்கும் வீட்டில் அம்மா என்ன செய்வாள்? செலவைக் கட்டுவாள். விளக்கைச் சீக்கிரம் அணைப்பாள், தேவையில்லாமல் பஸ் ஏற மாட்டாள், ஒன்றையும் வீணாக்க மாட்டாள். சிவப்புப் பாண்டாவின் உடம்பு முழுவதும் இந்தக் கட்டுசெட்டுதான். மெதுவாக நடக்கும். வேலை முடிந்தால் கிளையில் படுத்துவிடும். குளிர் கூடினால் உடம்பைப் பந்தாகச் சுருட்டி, வாலை மூக்கின் மேல் போர்த்திக்கொள்ளும். உடம்புக்குள் எரியும் வேகமே தணிந்துவிடும். வெயில் நாளில் கிளையின் மேல் நீட்டிப் படுத்து நாலு காலையும் தொங்கவிடும். தின்பதிலும் அதே நிதானம். பெரிய பாண்டாபோல் தண்டை முறித்து மெல்லாது. மூங்கில் கிளையை முன்கையால் வளைத்து, நல்ல இலையாகப் பார்த்துக் கடித்து, தட்டையான கடைவாய்ப் பற்களால் நன்றாக மென்ற பிறகே விழுங்கும். அந்த மெல்லலில்தான் கொஞ்சமாவது சத்து கிடைக்கிறது.

கிளையை வளைக்க அதற்கு ஒரு கட்டைவிரல் உண்டு. அது உண்மையில் விரல் அல்ல. மணிக்கட்டில் உள்ள சிறு எலும்பு ஒன்று நீண்டு வளர்ந்து விரலின் வேலையைச் செய்கிறது. பெரிய பாண்டாவுக்கும் இப்படி ஒன்று இருப்பதால் இரண்டும் மூங்கிலுக்காகவே வந்தவை என்று வெகுகாலம் எண்ணினார்கள். ஸ்பெயினில் மாட்ரிட் அருகே கிடைத்த புதைபடிவங்கள் வேறு கதை சொல்கின்றன. சிவப்புப் பாண்டாவின் தொல் உறவினனான சிமோசியான் என்ற விலங்குக்கும் இந்த எலும்பு நீண்டிருந்தது. அதுவோ இறைச்சி தின்றது. 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, மெல்லிய கிளைகளைப் பிடித்து மரமேறத்தான் அந்த எலும்பு முதலில் வளர்ந்தது. பிறகு குடும்பம் மூங்கிலுக்கு மாறியபோது, இருந்த கருவியே புது வேலைக்கும் ஆயிற்று. ஒன்றையும் வீணாக்காத விலங்கு என்று சொன்னேனே, பரிணாமத்திலும் அப்படித்தான்.

மரத்திலிருந்து இறங்கும்போது பூனை பின்பக்கமாகத் தடுமாறி இறங்கும். சிவப்புப் பாண்டா தலைகீழாக நேரே இறங்கும். அதற்கேற்பப் பின்கால் கணுக்கள் திரும்பிக்கொடுக்கின்றன. கிளை விட்டுக் கிளை தாவுவதைக் காட்டிலும், சாய்ந்த மரமும் விழுந்த மரமும் வழியாக நடக்கவே இதற்குப் பிடிக்கும். சிச்சுவானில் இரண்டு பாண்டாக்களும் ஒரே மலையில் இருக்கின்றன. அங்கே ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது இது: விழுந்த மரங்களும் அடிக்கட்டைகளும் நிறைந்த, செங்குத்தான சரிவுகளைச் சிவப்புப் பாண்டா விரும்புகிறது. குள்ளமான விலங்கு, மூங்கிலின் மேல் இலை எட்டாது. கட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டால் எட்டும். வகுப்பில் இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு. காட்டில் கிடக்கும் கட்டைகளை விறகுக்கென்று பொறுக்கி எடுத்து 'சுத்தம்' செய்தால், மூங்கில் அப்படியே நின்றாலும் பாண்டாவுக்குச் சோறு எட்டாமல் போய்விடும்.

தனித்து வாழும் விலங்கு இது. அந்திக்கும் விடியலுக்கும் நடுவே நடமாட்டம் அதிகம். மோதலைத் தவிர்க்க வாசனையால் எல்லை வரைந்துகொள்ளும். வால் அடியில் மணச்சுரப்பி உண்டு. உள்ளங்காலிலிருந்தும் நிறமற்ற ஒரு திரவம் கசிந்து நடந்த வழியில் படியும். இன்னொரு பாண்டா வந்து நாக்கின் அடிப்பக்கத்தால் தொட்டு, யார் போனார் என்று அறிந்துகொள்ளும். மிரண்டால் பின்கால்களில் எழுந்து நின்று முன்கைகளைத் தூக்கும். தன்னைப் பெரிதாகக் காட்டி எதிரியை விரட்டத்தான் அப்படி நிற்கிறது. செல்போனில் அந்தக் காட்சியைப் பார்த்து 'கைதூக்கிச் சரணடைகிறது, பாவம்' என்று பிள்ளைகள் கொஞ்சும்போதெல்லாம் நான் நிறுத்தித் திருத்துவேன். அது அச்சத்தில் இருக்கிறது. படம் எடுப்பவர் இரண்டடி பின்னால் போக வேண்டும். அதன் நாக்கைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு: 2009இல் வெளியான ஆய்வில், அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பை இது இனிப்பென்று உணர்வது தெரிந்தது. குரங்கினத்துக்கும் மனிதருக்கும் மட்டுமே உண்டு என்று நினைத்திருந்த சுவை அது.

சனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே இணை சேரும். சூல் காலம் 112 முதல் 158 நாள் வரை ஆகும். இத்தனை வித்தியாசம் ஏனென்றால், உருவான கரு உடனே கருப்பையில் ஒட்டாமல் சில காலம் காத்திருக்கும். குட்டி பிறப்பது பெரும்பாலும் சூனையொட்டி. தாய் பெரிய மரத்தின் பொந்தையோ பாறை இடுக்கையோ தேடி, இலையும் சுள்ளியும் பரப்பி, பெரும்பாலும் இரண்டு குட்டிகளை ஈனும். குட்டி நூற்றுச் சில்லறை கிராம்தான். கண் திறக்க இரண்டரை வாரமாவது ஆகும். தந்தைக்குப் பங்கில்லை. பாலூட்ட வேண்டிய தாய் தானும் இலையைத் தின்றுதான் பாலைச் சுரக்க வேண்டும். அந்த மாதங்களில் அவள் தின்னும் அளவு மிகவும் கூடிவிடும். குட்டிகள் அடுத்த இணைசேரும் காலம் வரை தாயோடுதான் திரியும். ஆண்டுக்கு ஒரு ஈற்று, இரண்டு குட்டி, அதிலும் பல பிழைப்பதில்லை. கையிருப்பே இல்லாத இந்தக் கணக்கில் ஒரு தாய் கண்ணியில் விழுந்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

கண்ணி என்றதும் ஒரு கச்சின் பெண் நினைவுக்கு வருகிறாள். எங்கள் லான்மடாவில்தான் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளியூர் மாணவர்கள் சுற்றுத் தெருக்களில் அறை எடுத்துத் தங்குவார்கள். அவள் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தாள். ஊர் சிப்வி பக்கம். என் மேசையில் பாண்டா படத்தைப் பார்த்துவிட்டு, "சயாமா (டீச்சர்), இது எங்க தாத்தா வீட்டுச் சுவரில் தொங்கும்" என்றாள். தோல். வால் மட்டும் கெடாமல் இருக்குமாம். "இதைப் பிடிக்கணும்னு யாரும் போக மாட்டாங்க. மான் கண்ணியில இது விழுந்துடும். விழுந்த பிறகு விடறதா?" அந்தக் கேள்வியில் குற்றமில்லை. நெல் போதாத மலைக்கிராமத்தில் கண்ணி என்பது ஒரு பொருளாதாரம். எல்லைக்கு அந்தப்பக்கம் வாங்க ஆளும் உண்டு: தென்மேற்குச் சீனாவில் இதன் வாலில் தொப்பி செய்வார்கள், மணமக்களுக்கு நல்ல சகுனம் என்ற நம்பிக்கை அங்கே இருந்தது.

அமெரிக்க விலங்கியலார் ஆலன் ராபினோவிட்ஸ் 1990களில் ககபோ ராசி பக்கத்துக் கிராமங்களுக்குப் போனார். ராவாங் மக்கள் ஏன் வேட்டையாடுகிறார்கள் என்று விசாரித்தபோது அவருக்குக் கிடைத்த விடை, உப்பு. காட்டில் உப்பு கிடையாது. எல்லை தாண்டி வரும் வணிகர்களிடம் விலங்கின் தோலையும் பாகங்களையும் கொடுத்துத்தான் உப்பு வாங்கினார்கள். அயோடின் இல்லாமல் கழுத்துக் கழலையும் பரவியிருந்தது. உப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேட்டையின் ஒரு காரணம் குறையும் என்று அவர் வாதாடினார். சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர்களைவிட, சமையலறையைக் கவனித்துக் கேட்கிறவர்களுக்குத்தான் காடு விளங்குகிறது என்பது என் கருத்து. சட்டம் இல்லாமல் இல்லை. மியான்மரில் சிவப்புப் பாண்டாவைக் கொல்வதும் விற்பதும் குற்றம்; உலக வணிகத் தடைப் பட்டியலின் முதல் அட்டவணையில் 1995 முதல் இருக்கிறது; 2015 முதல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. உலகில் மொத்தம் பத்தாயிரம் வளர்ந்த விலங்குகள்கூட இருக்காது என்று அஞ்சுகிறார்கள்.

இமாவ்பும் காட்டைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியது 2010இல். சப்பை மூக்குக் கருங்குரங்கு ஒன்று அங்கே புதிதாக அடையாளம் காணப்பட்டது. மேல்நோக்கிய மூக்கில் மழைநீர் இறங்கித் தும்முவதால், மழை நாளில் அதைக் கண்டுபிடிப்பது எளிது என்று ஊர் வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். அந்தக் குரங்கும் சிவப்புப் பாண்டாவும் ஒரே மலையில், ஒரே கண்ணிகளுக்கு நடுவே வாழ்கின்றன. இரண்டுக்கும் பெரிய ஆபத்து சாலைதான். யுன்னான் பக்கத்திலிருந்து மரம் வெட்டச் சாலை வந்தது. மரம் போன வழியில் வேட்டைக்காரனும் வியாபாரியும் உள்ளே போனார்கள். பொந்துள்ள பெரிய மரத்துக்குத்தான் விலை அதிகம். தாய் தேடுவதும் அதே மரத்தைத்தான்.

பிறகு அரிய மண் சுரங்கங்கள் வந்தன. மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற தனிமங்கள் சிப்வி, பங்வா பக்கத்து மலைமண்ணில் இருக்கின்றன. மலையில் துளையிட்டு, அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே செலுத்தி, அடிவாரத்தில் வடிவதைத் தொட்டிகளில் பிடிப்பது அங்கே நடக்கும் முறை. குளோபல் விட்னஸ் அமைப்பு 2022இல் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து 2,700க்கு மேற்பட்ட தொட்டிகளை எண்ணியது. பச்சை மலையில் நீலத் தொட்டிகளை அந்தப் படங்களில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த மலைகளின் ஓடைகள் என்மாய் ஆற்றில் விழுகின்றன. என்மாய் ஐராவதியில் சேர்கிறது. ஐராவதியின் ஒரு கை துவாண்டே கால்வாய் வழியாக ரங்கூன் ஆற்றைத் தொடுகிறது. லான்மடாவின் படித்துறையில் நிற்கும் எனக்கு அந்தக் காடு தூரத்துக் காடு அல்ல. 2024 அக்டோபரில் பங்வா, சிப்வி பகுதிகள் கச்சின் கிளர்ச்சிப் படையின் கைக்கு வந்தன. அங்கே எந்த மலையைத் தோண்டலாம், எதை விடலாம் என்று முடிவெடுக்கும் பொறுப்பு இன்று அவர்களிடம் இருக்கிறது.

பாண்டாவைக் காக்கக் கிழக்கு நேபாளத்தில் ஒரு வழி நடைமுறையில் இருக்கிறது. ரெட் பாண்டா நெட்வொர்க் என்ற அமைப்பு கிராமத்து ஆட்களையே காட்டுக் காவலர்களாக வைத்து, ஊதியம் கொடுத்து, கண்ணிகளை அகற்றவும் பாண்டாவின் எச்சங்களைக் கணக்கெடுக்கவும் பழக்கியிருக்கிறது. டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு விலங்கியல் பூங்கா, வளர்த்த பெண் பாண்டாக்களை 2003இல் சிங்காலிலா காட்டில் விட்டுப் பார்த்தது. இரண்டாவது முயற்சியையும் நான் மதிக்கிறேன். ஆனால் காடு நின்றால்தான் கூண்டிலிருந்து விடுவதற்கு இடம் இருக்கும். கச்சின் மலைக்குப் பொருந்துவது முதல் வழிதான் என்று நினைக்கிறேன். அங்கே காட்டை அறிந்தவர்கள் ஊர்க்காரர்கள். கண்ணி எங்கே வைத்தது என்று அறிந்தவர்களும் அவர்கள்தாம்.

அந்த மருத்துவ மாணவி விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது, ஊரில் சொல்ல ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். பர்மிய மொழியில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பொந்துள்ள மரத்தை வெட்ட வேண்டாம். விழுந்த கட்டையை மூங்கில் புதரிலிருந்து இழுத்து வர வேண்டாம், பாதையோரத்தில் கிடப்பது போதும். கண்ணி வைத்தால் நாள் தவறாமல் போய்ப் பாருங்கள். சிவப்புப் பாண்டா உயிரோடு இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். வேட்டை நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் இந்த விலங்கையும் கொன்றுவிடும், ஆகவே நோய்ப்பட்ட நாயைக் காட்டுக்குள் கூட்டிப் போகாதீர்கள். சூனிலும் சூலையிலும் எல்லா நாய்களையும் கட்டிப் போடுங்கள், அப்போது பொந்துக்குள் கண் திறக்காத குட்டிகள் இருக்கும்.

அவள் படித்துப் பார்த்துவிட்டு, கடைசி வரியை மட்டும் மேலே கொண்டுபோய் எழுதித் தரச் சொன்னாள். ஊரில் முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்றாள். மாற்றி எழுதிக் கொடுத்தேன்.